தொட்டாலும் அவுட் இல்லை

பேருக்கு ஒரு நாற்காலி, பேச்சுக்கு மதிப்பில்லை என்றால் அந்த ஆளை ஒப்புக்குச் சப்பாணி என்கிறோம். ஆபீஸில் சொல்கிறோம், வீட்டில் சொல்கிறோம். அது ஓடிப்பிடித்து விளையாட்டிலிருந்து வந்த பேச்சு என்பது பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும். இரண்டு அண்ணன்களுக்குப் பின் பிறந்த கடைக்குட்டிக்கு மறக்கவில்லை. அந்தப் பட்டத்தோடுதான் அவள் வளர்ந்தாள்.

விளையாட்டில் சேர்க்காவிட்டால் சின்னது அழுது ஊரைக் கூட்டும். சேர்த்தால் ஆட்டம் கெடும். அதனால் பெரியண்ணன் முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுவான்: "இவ ஒப்புக்குச் சப்பாணி. தொட்டாலும் அவுட் இல்ல." அவளும் மூச்சிரைக்க ஓடினாள். அவள் யாரையாவது தொட்டாலும் கணக்கில் சேராது. கொஞ்ச நாள் இனித்தது. பிறகு அவளைத் துரத்தக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

இப்போது மூவரும் சேர்ந்து மரப்பட்டறை நடத்துகிறார்கள். சின்னண்ணன் ஒரு ஆணியை வளைத்தால் போதும், பெரியண்ணன் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான். இவள் பலகையையே பிளந்தாலும், பரவாயில்லை விடு என்பான். திட்டு வாங்குகிறவனைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? அவள் பட்டாள்.

அடம்பிடித்து ஒரு வேலையைத் தனியாக வாங்கினாள். பல் டாக்டரம்மாவின் அறைக்குச் சுவரை ஒட்டி ஒரு அலமாரி. இது நன்றாக அமைந்தால், அடுத்து வரவிருக்கும் நூலக வேலையைத் தன் பொறுப்பில் கேட்பது என்று முடிவு செய்திருந்தாள். அலமாரி சுவரில் கச்சிதமாக உட்கார்ந்தது. அறைக்கதவு உள்பக்கம் திறக்கும் என்பதைத்தான் அவள் யோசிக்கவில்லை. கதவு பாதி திறந்து அலமாரியில் முட்டி நின்றது. ஒல்லியானவர்கள் பக்கவாட்டில் நுழைந்தார்கள். மற்றவர்கள் வாசலில் நின்றே வாயைத் திறந்து காட்ட வேண்டியதுதான்.

மறுநாள் டாக்டரம்மா பட்டறைக்கே வந்துவிட்டார். அவர் வந்த வேகத்தைப் பார்த்ததுமே பெரியண்ணன் எழுந்து, அளவு எடுத்தது தான்தான் என்றான். சின்னண்ணனும் தலையை ஆட்டினான். பாசம்தான், அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பாசத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணன் சொல்றது பொய். அளவு எடுத்தது நான். கதவைப் பார்க்காம விட்டதும் நான்தான்."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பி, வாங்கு வாங்கென்று வாங்கினார். காதெல்லாம் சூடேற அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஓரத்தை அறுத்துக் கழித்துத் தானே மாட்டித் தருவதாகச் சொன்ன பிறகுதான் அவர் கிளம்பினார்.

பெரியண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் சமாளிச்சிருப்பேன்ல?"

"தப்பு என்னோடது இல்லன்னா, நான் பண்ற நல்ல வேலையும் என்னோடது இல்லண்ணே. அவுட்டே ஆகாதவ எந்த ஆட்டத்துல ஜெயிக்கிறது?"

அவன் உளியை எடுத்தான், வைத்தான். பிறகு அவன் குரல் மெல்ல ஏறியது.

"கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு பார்க்காம எவளாவது அளவு எடுப்பாளா? கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சிட்டா போன?"

சின்னண்ணன் தன் வேலையில் குனிந்துகொண்டான். பெரியண்ணன் நிறுத்தவில்லை, மரம் வீணானதையும் பட்டறையின் பேர் கெட்டதையும் சொல்லிச் சொல்லித் திட்டினான். அவள் கண் நிறைந்துவிட்டது. அவன் எங்கே பாதியில் நிறுத்திவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.