பெரியவன் கல்

என்னை வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வேறு பிள்ளை கிடையாது. புதிதாக வருகிறவர்கள், "அப்போ பெரியவ எங்கே?" என்று கேட்பார்கள். அம்மா டீ போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவாள். அப்பா, "பெரியவ இல்ல, பெரியவன்" என்று திருத்துவதோடு நிறுத்திக்கொள்வார்.

பெரியவன் பத்தொன்பது நாள் இருந்தான். நான் பிறக்க இரண்டு வருஷம் முன்னால். பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள பொது இடுகாட்டில், குழந்தைகளுக்கு என்று ஒதுக்கிய மூலையில் புதைத்தார்கள். முழ உயரத்தில் ஒரு கறுப்புக் கல். அதில் பேரும் இரண்டு தேதியும். மாதம் ஒருமுறை அம்மா அங்கே போய்ப் புல் பிடுங்கி, கல்லைத் துடைத்துவிட்டு, வாட்ச்மேன் ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

அப்பா துறைமுகக் கிடங்கில் பதினெட்டு வருஷம் சுமை ஏற்றினார். கடைசியில் முதுகு போய்விட்டது. பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். "கிடங்குல பத்துக் கிலோவுக்குக் கீழ இருக்கிறது நம்ம சோத்து டப்பா மட்டும்தான்" என்றார் தராசு மாமா. அப்பாவோடு வேலை செய்கிறவர். எந்தப் பெட்டியையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுவார், அதனால் அந்தப் பேர். கம்பெனி அப்பாவின் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. வெளிநாட்டில் அது இல்லாமல் தங்க முடியாது, ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அம்மா மூன்று வாரம் மசியவில்லை.

"நீங்களும் சின்னவளும் போங்க. நான் வரல."

"பெர்மிட் இல்லாம இங்க எப்படி இருப்ப?"

"எப்படியோ இருக்கேன்."

காரணம் எங்கள் மூவருக்கும் தெரியும். இடுகாட்டு வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. கல் இல்லாத குழியையும், வருஷம் முழுக்க யாரும் கையெழுத்துப் போடாத குழியையும் மட்டம் தட்டி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்து வரிசையில் ஏழு குழந்தைகள் அப்படிப் போனதை அம்மா கண்ணால் பார்த்தவள்.

அம்மா வேலை செய்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். அங்கே இஸ்திரி இயந்திரத்தில் நிற்கிற ஒருத்தியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவள்தான் அம்மாவை வழிக்குக் கொண்டுவந்தாள். "நான் போறேன்டி. உனக்குப் பதிலா நான் போய்க் கையெழுத்துப் போடுறேன். நம்ப மாட்டியா?" அம்மா, "வர்ற சனிக்கிழமை இடத்தைக் காட்டுறேன்கா" என்றாள். அன்று சாயங்காலமே பரணில் இருந்து பாத்திரங்களை இறக்க ஆரம்பித்தாள்.

அப்பா கிடங்கு வழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்துத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு உள்ளே வைத்தது கப்பலில் வரும். வெளியே இருப்பது இங்கேயே தங்கும். பேச்சே கிடையாது. ஒருநாள் மறந்துபோய் அவரே உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, கோட்டைத் தாண்டி வந்துரு. இல்லன்னா சேர்த்து ஆணி அடிச்சிருவேன்" என்றார் தராசு மாமா.

பழைய பலகைகளில் இரண்டு பெரிய பெட்டிகள் செய்து, கீழ்த்தளத்தில் லிப்ட் பக்கத்தில் வைத்தார்கள். அப்பா நாற்காலியில் இருந்தபடி சொல்லச் சொல்ல மாமா அடுக்கினார். கனமானது அடியில், மூலையில் இருந்து தொடங்க வேண்டும், சந்து விடக் கூடாது. குக்கருக்குள் டம்ளர், டம்ளருக்குள் சாக்ஸ். என் புத்தகப் பையைத் தூக்கிவிட்டு மாமா முகத்தைச் சுளித்தார். "பதினொண்ணு. சின்னவளே, படிச்சதைத் தலையில வச்சுக்கணும். பெட்டியில வச்சா கப்பல்காரனுக்குத்தான் அறிவு வரும்."

ஒன்றாம் நம்பர் பெட்டியின் அடியில் மட்டும் ஏற்கெனவே ஏதோ இருந்தது. பழைய கம்பளியில் சுற்றியது. வியாழக்கிழமை அப்பா எங்கேயோ போய்த் தனியாகக் கொண்டுவந்து வைத்தது. மாமா அதைக் கையால் நகர்த்திப் பார்த்தார். "பதினஞ்சு, பதினாறு இருக்கும். இதையா நீ தூக்கிட்டு வந்த? டாக்டர் பார்த்தா உன்னைத் தூக்கிப் போட்டுருவான்."

"கேக்காத. மேல அடுக்கு" என்றார் அப்பா.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு லாரி வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விமானம். அம்மாவும் அத்தையும் காலையிலேயே இடுகாட்டுக்குப் போனார்கள். பத்தரைக்குத் திரும்பி வந்தபோது அம்மாவின் புடவை முழங்கால் வரை மண்ணாக இருந்தது. பெட்டிகளுக்கு ஆணி அடித்துப் பட்டை கட்டியாகிவிட்டது. அப்பா அவற்றின் மேல் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார்.

"கல்லைக் காணோம்" என்றாள் அம்மா. "யாரோ பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. நாலு வரிசையும் தேடிட்டேன். குப்பையிலகூடத் தேடிட்டேன்."

அப்பா வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"காணாம போகல. பெட்டியில இருக்கு. ஒண்ணாம் நம்பர்ல, அடியில. ஊர்ல போய்ப் பிரிச்சு, எல்லாத்தையும் எடுத்து முடிச்சதும் கடைசியா அது இருக்கும். நீ பார்ப்பன்னு நினைச்சேன். கையெழுத்துதான் அக்கா போடுறாங்களே, இடம் போகாதுன்னு நினைச்சேன். பெரியவனை விட்டுட்டு வரோம்னு உனக்கு இருக்கக் கூடாதில்ல."

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் லிப்ட் வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் அங்க கிடக்கான். பேரு மட்டும் ஊருக்கு வருதா?"

அத்தைதான் வாயைத் திறந்தாள். "வாட்ச்மேன் சொல்லிட்டான் தம்பி. கல் இல்லன்னா அவன் கணக்குல அது காலி இடமாம். திங்கக்கிழமை மட்டம் தட்டுற வண்டி வருது. அதுக்கப்புறம் நான் எந்த இடத்துல போய் நிக்கிறது?"

அப்பாவின் கையில் இருந்த மார்க்கர் பேனா அப்படியே நின்றது. கிடங்கில் லேபிள் கிழிந்த பெட்டி பின்கொட்டகைக்குப் போகும். தொண்ணூறு நாளில் கேட்க ஆள் இல்லை என்றால் ஏலத்துக்கு. லேபிளைப் பார்க்காமல் உரசிக் கிழிக்கிற புதுப் பையன்களைப் பற்றி வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் திட்டித் தீர்ப்பார்.

"லேபிளை நானே பிச்சுட்டேன்" என்றார் அப்பா.

அதற்குள் லாரி வந்து நின்றது. டிரைவர் நம் ஆள்தான். இறங்காமலே கத்தினார். "ரெண்டு பெட்டி தானே? ஏத்துங்க, ஏத்துங்க. பன்னெண்டுக்கு துறைமுக கேட்டை மூடிருவான். இந்தக் கப்பலை விட்டா அவ்ளோதான்."

"ஒண்ணாம் நம்பரைப் பிரிக்கணும்" என்றார் அப்பா.

"அண்ணே, விளையாடாதீங்க. பிரிச்சா மறுபடி கட்ட ஒரு மணி நேரம் ஆகும். அரை மணிக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்."

"நிக்க வேணாம். ரெண்டாம் நம்பரை ஏத்திக்க."

அப்பா கடப்பாரையை எடுத்தார். அம்மா தலையைத் தூக்கவில்லை. தராசு மாமா கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு, "நீ தள்ளி நில்லு" என்று பலகையை நெம்ப ஆரம்பித்தார். பதினெட்டு வருஷத் தொழில் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஒன்றை எடுக்காமல் இன்னொன்று வராது. போர்வை, குக்கர், தையல் மிஷின் தலை, என் புத்தகங்கள், அம்மா பத்து வருஷமாகச் சேர்த்த பாத்திரங்கள். எல்லாம் நடைபாதைக்கு வந்தன. நாங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அப்பா கேட்காமல் குனிந்து குனிந்து எடுத்தார். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தார்.

டிரைவர் மணியைப் பார்த்துவிட்டு இரண்டாம் நம்பரோடு கிளம்பிவிட்டார். போகிறபோது, "பைத்தியம் பிடிச்ச குடும்பம்" என்று சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கம்பளியைப் பிரித்ததும் அம்மா எழுந்து வந்தாள். முந்தானையால் கல்லைத் துடைத்தாள். அதுவரை அப்பாவை அவள் பார்க்கவே இல்லை. இப்போதும் பார்க்காமலே, "அக்கா, தையல் மிஷினை நீ எடுத்துக்க" என்று அத்தையிடம் சொன்னாள். "மிச்சத்தை இந்தக் கட்டடத்துல யாருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும்."

"எம் புத்தகம்?" என்றேன்.

"கோட்டுக்கு வெளியே வச்சதா நினைச்சுக்க" என்றார் அப்பா. நான் நினைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? காலியான பையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மாமா எங்கிருந்தோ அரை மூட்டை சிமெண்ட் கொண்டுவந்தார். இடுகாட்டில் எல்லாக் குழியும் ஒரே மாதிரி இருந்தது. அம்மா தண்ணீர்க் குழாயில் இருந்து ஒரு தடவைகூட நின்று யோசிக்காமல் நடந்துபோய் ஓர் இடத்தில் நின்றாள். கல் இருந்த பள்ளம் அங்கே பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. முன்பு கல்லை வெறும் மண்ணில்தான் நட்டிருந்தார்கள். அதனால்தான் அப்பாவால் தனியாகப் பிடுங்க முடிந்தது. இந்தத் தடவை அரை முழம் ஆழமாகத் தோண்டிச் சிமெண்டில் நடச் சொன்னார்.

"யாரும் பிடுங்கக் கூடாது. நானே வந்தாலும் முடியக் கூடாது."

மாமா தோண்டினார். அம்மா ஒரு பக்கமும் அப்பா மறு பக்கமும் மண்டியிட்டுக் கல்லை நேராகப் பிடித்தார்கள். நான் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். மாமா கலவை ஊற்றும்போது கல் அப்பா பக்கம் லேசாகச் சாய்ந்தது. அம்மா தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் அவரை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கல் சாயக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம்.

வாட்ச்மேன் வந்து பேரைப் படித்துப் பார்த்துவிட்டு ஏட்டை நீட்டினான். இனிமேல் யார் வருவார்கள் என்று எழுத வேண்டுமாம். அத்தை பேனாவை வாங்கித் தன் பேரை எழுதிவிட்டு நின்றாள்.

"உறவுன்னு ஒரு கட்டம் இருக்குடி. என்ன போடுறது?"

"என்னை விடப் பெரியவ நீ. பெரியம்மான்னு போடு" என்றாள் அம்மா.

அத்தை நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். எனக்கும் அன்றிலிருந்து அவள் பெரியம்மாதான்.

அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. தராசு மாமா அக்குளில் கை கொடுத்து அவரை மொத்தமாகத் தூக்கி, பக்கத்துச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தார். எடை சொல்லவில்லை.

"இறுக எவ்வளவு நேரமாகும்?" என்று அம்மா கேட்டாள்.

"சாயங்காலம் வரை யாரும் அசைக்கக் கூடாது" என்றார் அப்பா.

கல்லுக்கு இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. அது சாய வழியே இல்லை. ஆனாலும் அம்மா கையை எடுக்கவில்லை. வெயில் ஏறியது. நான் புத்தகம் இல்லாத பையை விரித்து அவள் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன்.