பாப்பா வந்தாச்சு

என் மகளுக்கு வீட்டில் பெயர் பாப்பா. பல் டாக்டராகி, கல்யாணமாகி, கடல் தாண்டிப் போய், அவளே ஒரு பிள்ளை பெற்ற பிறகும் எனக்கு அவள் பாப்பாதான். தொட்டில் பழக்கம் லேசில் போகுமா? பிரசவ லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் விமானம் ஏறினேன். பகலெல்லாம் அந்த வீட்டில் நானும் பேத்தியும்தான்.

பேச்சு வந்ததும் பேத்தி, காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொண்டாள். மகள் என்னை அம்மா என்பாள்; பேத்தியும் என்னை அம்மா என்றாள். நான் மகளைப் பாப்பா என்பேன். பேத்திக்கும் அவள் பாப்பா. சாயங்காலம் கதவு திறந்தால் போதும், "அம்மா! பாப்பா வந்தாச்சு!" என்று எனக்குத் தகவல் சொல்லுவாள். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நாங்களும் சிரித்தோம்.

தடுப்பூசி போடப் போன அன்று சிரிப்பு நின்றது. மகள் லீவு போட்டுவிட்டு வந்து குழந்தையை மடியில் வைத்திருந்தாள். ஊசியைக் கண்டதும் குழந்தை "அம்மா" என்று அலறி, அவளை உதறிவிட்டு என்மேல் தாவியது. நர்ஸ் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மகள் பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். ஒத்தாசைக்கு வந்தவள் பெற்றவளின் இடத்தையே பிடித்துக்கொண்டேனே என்று எனக்கு உடம்பு கூசியது.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். "இனிமே உன்னை அம்மான்னுதான் கூப்பிடுவேன். நீ என்னைப் பாட்டின்னு கூப்பிடு. அவ காதுல வேற எதுவும் விழக்கூடாது."

"உன்னைப் போய்ப் பாட்டின்னா? சிரிப்பு வருதும்மா."

"பாட்டி! சொல்லு."

"சரிங்க பாட்டி."

அம்மா குளிக்கிறாங்க, அம்மாகிட்ட காட்டு, அம்மாவுக்கு முத்தம் கொடு என்று நாளெல்லாம் ஓதினேன். மகளுக்கும் வாய் தவறவில்லை. "பாட்டி, காபி குடிச்சீங்களா?" என்பாள். 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது. அந்த மரியாதை எனக்கு எரிச்சலாக இருந்தது. நானே போட்ட சட்டம், யாரிடம் போய் முறையிடுவது?

நேற்று சாயங்காலம் கதவு திறந்தது. பேத்தி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "அம்மா!" என்று ஓடி மகளின் காலைக் கட்டிக்கொண்டாள். செருப்பைக் கழற்றாமலே மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பெற்ற வயிறு குளிர்ந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் குழந்தை அவள் தோளிலேயே தூங்கிப்போனது. "கேட்டீங்களா பாட்டி?" என்றாள் மகள், கண்ணைத் துடைத்தபடி.

"கேட்டேன், கேட்டேன். அவதான் தூங்கிட்டாளேடி. இப்பவாவது என்னை ஒழுங்கா கூப்பிடேன்."

சிரித்துக்கொண்டே கூப்பிட வாயெடுத்தாள். "பா..." என்றுதான் வந்தது. நிறுத்தி, ஒரு கணம் தேடி, "அம்மா" என்றாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.