ஆயுதம்: விசில்

அக்காவின் நிபந்தனை சின்னதுதான்.

"இன்னிக்கு நானும் ஆடறேன். என் ஆளு செத்தா, மேஜையைக் காலி பண்ணிட்டு வேற எடம் பாத்துக்கணும்."

வாரத்தில் அவளுக்குக் கிடைப்பதே சனிக்கிழமை மதியம் ஒன்றுதான். இரண்டு வருடமாக அந்த மதியத்தில் நாங்கள் மூன்று பேர் அவளுடைய சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் பூதங்களை வெட்டுகிறோம் என்று கத்திக்கொண்டிருந்தோம். அவள் தூங்கி நாளாயிற்று. நியாயம் அவள் பக்கம் இருந்தது.

வேறு இடமும் கிடையாது. எங்களில் மூன்றாமவரான கண்ணாடிக்காரர் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுகிறவர், அவர் அறையில் கால் வைத்தால் ஏதாவது உடையும். எனக்கு அறையே இல்லை, இந்த வீட்டு சோபாதான். ராத்திரி வேலையை விட்ட பிறகு, வாரத்தில் எனக்கு மிஞ்சிய ஒரே வேலை இந்த ஆட்டத்தை நடத்துவது. பூதம், புயல், பேய் எல்லாம் நான். அத்தான் வாள்வீரன். கண்ணாடிக்காரர் மந்திரவாதி.

"வேணும்னே செத்துடாதடி," என்றார் அத்தான்.

"வேலைன்னு வந்தா நான் எதையும் வேணும்னே கீழ போட மாட்டேன்."

அது உண்மை. அக்கா கட்டட வேலையில் கிரேனுக்குச் சிக்னல் காட்டுபவள். மேலே இருக்கும் டிரைவருக்குக் கீழே நடப்பது தெரியாது. அவள் கை அசையாமல் அங்கே ஒரு செங்கல் நகராது.

முதலில் ஆளை உருவாக்க வேண்டும். மூன்று பகடையைச் சேர்த்து ஆறு தடவை உருட்டினால் ஆறு எண்கள் வரும். பலம், வேகம், உடம்பு, படிப்பு, கவனம், பேச்சு என்று அவற்றைப் பிரித்துக்கொள்ளலாம். அக்காவுக்கு வந்தவற்றில் பெரியது பதினாறு, சின்னது ஏழு. பதினாறைக் கவனத்துக்குப் போட்டாள். ஏழைப் பலத்துக்குப் போட்டாள்.

அத்தான் தலையில் கை வைத்தார். "ஏழா? ஒரு வாளி தண்ணிகூட தூக்க முடியாதே!"

"தூக்கறது கிரேன் வேலை. பாக்கறது என் வேலை."

"ஆயுதம் என்னக்கா?" என்று கேட்டேன்.

"விசில்."

புத்தகத்தைப் புரட்டினேன். ஊதுகொம்பு இருந்தது, விசில் இல்லை. போனால் போகிறது என்று எழுதிக்கொண்டேன். உயிர்ப்புள்ளி எட்டு. அத்தானின் வீரனுக்கு இருபத்திரண்டு. கல்பூதம் ஓங்கி ஒரு தடவை தட்டினால் எட்டெல்லாம் காணாமல் போகும். மூன்று வாரமாக எங்கள் ஆட்களை அடித்து விரட்டிக்கொண்டிருந்த பூதம் அது.

சண்டையில் எல்லோரும் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் வந்தவருக்கு முதல் முறை. அன்று அக்கா முதல், அப்புறம் அத்தான், அப்புறம் பூதம், கடைசியில் கண்ணாடிக்காரர்.

"நான் அடிக்கல. சுத்திப் பாக்கறேன்," என்றாள் அக்கா.

பகடை பதினான்கு காட்டியது. கவனம் பதினாறு என்பதற்கு விதிப்படி மூன்று கூட்டினால் பதினேழு. அவ்வளவு வந்தால் அங்கே இருப்பதை நான் சொல்லாமல் இருக்க முடியாது. அவளுக்கும் பூதத்துக்கும் நடுவில், பாதைக்கு மேலே, விரிசல் விட்ட பாறை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று வாரமாக அது அங்கேதான் இருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணே, பூதம் அதுக்குக் கீழ வந்ததும் கையை இறக்குவேன். அப்ப பாறை மேல இடியை இறக்குங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் அசையக்கூடாது."

"செய்யலாமாப்பா?" என்று கண்ணாடிக்காரர் என்னைக் கேட்டார்.

செய்யலாம். அடிக்காமல், இன்னது நடந்தால் இதைச் செய்வேன் என்று சொல்லிக் காத்திருக்க விதி இருக்கிறது. இரண்டு வருடத்தில் யாருக்கும் அதற்குப் பொறுமை இருந்ததில்லை.

அத்தானுக்கு அன்றும் இல்லை. "நான் பாயறேன்!"

"நில்லுங்கன்னு கை காட்டினேன்ல?"

"பகடையை உருட்டிட்டேன்டி."

பூதத்தின் தோலில் வாள் இறங்கப் பதினேழு வேண்டும். அத்தானுக்கு வந்தது மூன்று. பலத்துக்கு ஐந்து கூட்டி எட்டு. வாள் கல்லில் பட்டுக் கிணீரென்றது. பூதம் திருப்பி ஒன்று வைத்தது. இருபத்திரண்டில் மிஞ்சியது நான்கு. கண்ணாடிக்காரர் இடியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

மறுபடி அக்காவின் முறை. கைப்பையைத் திறந்து வேலைக்குக் கொண்டுபோகும் நிஜ விசிலை எடுத்து ஊதினாள். கண்ணாடிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப பூதம் யார் பக்கம் வரும்?" என்று என்னைக் கேட்டாள்.

"உன் பக்கம்தான்."

அத்தான் வாயை மூடிக்கொண்டு தன் வீரனைப் பின்னால் நகர்த்தினார். பூதத்தின் ஒரு கால் பாறைக்குக் கீழே வந்தது.

"இறக்கு தங்கச்சி, இறக்கு!"

"ரெண்டு காலும் உள்ள வரணும்ணே."

பூதத்துக்குக் கை நீளம். இரண்டாவது கால் உள்ளே வருவதற்கும் கை அவளை எட்டுவதற்கும் சரியாக இருந்தது. எல்லோர் கண் முன்னால் உருட்டினேன். பத்தொன்பது. அடி பதினொன்று.

"விழும்போதே கையை இறக்கறேன்," என்றாள்.

இடி விழுந்தது. பாறை விழுந்தது. பூதம் நசுங்கியது. ஆனால் அக்காவின் ஆள் கற்குவியலுக்கு அந்தப் பக்கம் உயிர்ப்புள்ளி இல்லாமல் கிடந்தாள். சுற்றிக்கொண்டு போய்க் காப்பாற்ற நேரம் இல்லை. இனி அவளே உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் நல்லது. மூன்று நல்லது வந்தால் பிழைப்பாள், மூன்று கெட்டது வந்தால் போய்ச் சேருவாள்.

நான்கு. பதின்மூன்று. பதினைந்து. அடுத்தது எட்டு.

"பத்துன்னு வெச்சுக்கலாமே," என்றேன். வெட்கமே இல்லை எனக்கு.

"எட்டுன்னா எட்டுடா. பாரத்தைக் குறைச்சுச் சொன்னா கயிறு அறுந்துடும்."

இரண்டு நல்லது, இரண்டு கெட்டது. கடைசிப் பகடை டம்ளரில் மோதி, எந்த எண்ணும் மேலே தெரியாமல் சாய்ந்து நின்றது. அவளே அதை எடுத்து மறுபடி உருட்டினாள்.

பதினொன்று.

அத்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார். கண்ணாடிக்காரர் என் முதுகில் அறைந்தார், இரண்டு நாள் வலித்தது. அக்கா விசிலைத் துடைத்துப் பைக்குள் போட்டாள்.

"மேஜை இங்கயே இருக்கட்டும்."

"பாத்தியா! என் பொண்டாட்டி!" என்றார் அத்தான்.

"நீங்க அடுத்த வாரம் ஆடக்கூடாது."

"ஏன்டி?"

"எங்க சைட்டுல சிக்னலை மீறினவனுக்கு மறுநாள் வேலை கிடையாது."

அடுத்த சனிக்கிழமை அத்தான் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்தார். அக்கா எனக்கு முன்னாலேயே மேஜையில் இருந்தாள். ஒரு பாலத்தில் எங்களுக்குச் சண்டை மூண்டது. அத்தான் இருப்புக் கொள்ளாமல் கையைத் தூக்கினார். அக்கா திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையை அவர் பக்கம் காட்டினாள்.

அவர் கையைக் கீழே போட்டுவிட்டு அடுத்த காயை எடுத்தார்.