தொண்ணூற்றொன்பது காட்டிய கிளிப்

ஆஸ்பத்திரியில் என்னை ‘மிளகாய்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால். இருபது வருடமாக லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறேன். நேற்று வந்த டாக்டர் தப்பாகச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு போக எனக்குத் தெரியாது. அன்று அந்தக் காரம் இல்லையென்றால் என் தம்பி குடும்பமே போயிருக்கும்.

மத்தியானம், நல்ல மழை. தையல் கடை வைத்திருக்கும் தம்பி அவசரப் பிரிவில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். டியூட்டி டாக்டர் அவன் விரலில் கிளிப்பை மாட்டினார்.

“ஆக்சிஜன் தொண்ணூத்தொன்பது. என்னைவிட நல்லா இருக்காரு. வெறும் வயித்துல வேலை பாத்திருப்பாரு. மாத்திரை தர்றேன், கூட்டிட்டுப் போங்க.”

“எதுக்கும் ரத்தம் எடுத்துடறேன்,” என்றேன். கூடப்பிறந்தவன் ஆயிற்றே, மனசு கேட்கவில்லை.

சிரிஞ்சில் ரத்தம் ஏறியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சிரையிலிருந்து எடுக்கும் ரத்தம் கறுத்திருக்க வேண்டும், ஆக்சிஜனை உடம்புக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற ரத்தம் அது. இதுவோ புது நெயில் பாலிஷ் மாதிரி பளபளவென்று சிவந்திருந்தது.

“கடையில என்னடா பண்ணீங்க?”

“கரண்ட் இல்லக்கா. நாளைக்கு நூறு யூனிஃபார்ம் குடுக்கணும். ஜெனரேட்டர் நனையுதேன்னு உள்ள இழுத்து வச்சோம். சாரல் அடிச்சுத் துணி வீணாப்போகும்னு கதவையும் சாத்திட்டோம்.”

“அடப்பாவி! உன் பொண்டாட்டி எங்க?”

“அங்கதான் தைக்கிறா.”

போனை எடுத்தேன். ஏழாவது தடவை மணி அடித்தபிறகுதான் எடுத்தாள்.

“அண்ணி... தலை கிறுகிறுங்குது. கொஞ்சம் படுத்துக்கறேன்...”

“படுத்தியோ, தொலைச்சிருவேன்! எந்திரி! கதவைத் திற! தெருவுக்கு ஓடு!”

“துணி நனைஞ்சிரும் அண்ணி...”

“துணி நாசமாப் போகட்டும்டி! நீ நட!”

நாற்காலி விழுந்தது. தாழ்ப்பாள் கிரீச்சிட்டது. பிறகு, மழைச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். ஆம்புலன்ஸை அனுப்பச் சொல்லிவிட்டு, சிரிஞ்சோடு, ரத்தத்தில் எந்த வாயு எவ்வளவு என்று அளக்கும் மெஷின் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினேன்.

டாக்டர் பின்னாலேயே வந்தார். “அந்த மெஷின் இங்க இருக்கறவங்களுக்குத்தான். தொண்ணூத்தொன்பதுன்னு காட்டுதே, அப்புறம் என்ன?”

“கிளிப் பாக்கறது நிறத்தை, சார். ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கற ஹீமோகுளோபின் ஒரு வண்டி மாதிரி, அதுல நாலு சீட்டு. ஆக்சிஜன் நுரையீரல்ல ஏறும், போற இடத்துல இறங்கிடும். ஜெனரேட்டர் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு ஏறுச்சுன்னா லேசுல இறங்காது. பக்கத்து சீட்டுல இருக்கற ஆக்சிஜனையும் இறங்க விடாது. ரெண்டும் சிவப்புதான். அதுக்கு வித்தியாசம் தெரியாது, பாவம், அது வெறும் கிளிப்பு.”

மெஷின் காகிதத்தைத் துப்பியது. கார்பன் மோனாக்சைடு பிடித்துவைத்த ஹீமோகுளோபின்: முப்பத்துநாலு சதவீதம். சாதாரணமாக மூன்றைத் தாண்டாது.

டாக்டர் முகம் வெளுத்தது. ஆனால் மனுஷன் நல்லவர். ஒரு நொடிகூட வீம்பு பிடிக்கவில்லை. “மாஸ்க்! முழு ஆக்சிஜன்!” என்று கத்திக்கொண்டே ஓடினார். ஆக்சிஜனை இடைவிடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அந்த விடாக்கண்டனை சீட்டிலிருந்து கிளப்ப முடியும்.

சற்று நேரத்தில் தம்பி மனைவியும் வந்துசேர்ந்தாள், தொப்பலாக நனைந்து, கையில் கத்தரிக்கோலோடு. அதைக் கீழே வைக்கக்கூட நினைவில்லாமல் ஓடியிருக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் அவளுக்கும் மாஸ்க் மாட்டினோம்.

நாலு மணி நேரம் அந்த இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றேன். தம்பிக்குத் தலைவலி விட்டது. அவள் மாஸ்க்கை விலக்கி, “பட்டன் தைக்கணுமே” என்றாள். “இன்னும் ஒரு வார்த்தை பேசினா உன் வாயையே தைச்சிருவேன்” என்றேன். சிரித்தாள்.

மறுபடி ரத்தம் எடுக்கத் தம்பி கையில் ஊசி குத்தினேன். டாக்டர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். விரலில் இருந்த கிளிப் அப்போதும் அதே தொண்ணூற்றொன்பதுதான் காட்டியது.

சிரிஞ்சில் ரத்தம் மெதுவாக ஏறியது.

“கறுப்பு!” என்று கத்தினார் டாக்டர். “அக்கா, நல்லாக் கறுப்பா வருதுக்கா!”

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.