மழைக்கோட்டோடு பிடித்த தண்ணீர்

என் தம்பி சுகாதாரத் துறையில் தண்ணீர் பரிசோதகன். கூடப்பிறந்த அக்காவின் பேக்கரியாச்சே என்றெல்லாம் பார்க்க மாட்டான். கொட்டுகிற மழையில் வந்து என் கிணற்றிலிருந்து தண்ணீர் பிடித்துப்போனவன், மறுவாரம் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான்.

"அக்கா, கிணத்துல அழியாத ரசாயனம் இருக்கு. ஒட்டாத தவாவுல, எண்ணெய் ஊறாத காகிதத்துல எல்லாம் சேர்க்கிறது. உடம்புக்குள்ள போனா லேசுல வெளிய வராது. அடுப்பை அணைச்சிடு."

பதினொரு வருஷ உழைப்பு! அந்தத் தண்ணீர் இல்லாமல் மாவு பிசைய முடியாது. காகிதத்தைப் பிடுங்கினேன். இரண்டு வரி, இரண்டிலும் ஒரே அளவு.

"இந்த ரெண்டாவது என்னடா?"

"அது எங்க ஆய்வுக்கூடத்துச் சுத்தத் தண்ணி. ஒப்பிட்டுப் பாக்க இங்கயே இன்னொரு பாட்டில்ல ஊத்தி..." என் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தான்.

"உங்க சுத்தத் தண்ணியிலயும் அதே அளவா? அப்போ முதல்ல உன் ஆபீசைப் பூட்டுடா!"

தம்பி மாவு மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"ஐயோ, மழைக்கோட்டு! தண்ணி ஒட்டாம இருக்க அதுலயும் இதைத்தான் பூசுவாங்க. அதைப் போட்டுக்கிட்டுத் தண்ணி பிடிக்கக் கூடாதுங்கிறதுதான் எங்களுக்கு முதல் பாடமே."

மேலதிகாரி பார்ப்பதற்குள் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான், அவசரக்குடுக்கை.

"அடப்பாவி! நீ நனையாம இருக்க என் கடைக்குப் பூட்டா?"

அன்றும் மழைதான். பழைய பருத்திச் சட்டையோடு அவனைக் கிணற்றடிக்குத் துரத்தினேன். தும்மிக்கொண்டே மறுபடி பிடித்தான்.

பத்தாம் நாள் வாயெல்லாம் பல்லாக வந்தான். "கிணறு சுத்தம்க்கா! கோட்டையும் சோதிச்சோம், எல்லாம் அதுல இருந்து வந்ததுதான்."

சூடான பன் ஒன்றை அவன் வாயில் திணித்தேன். நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, அந்தக் கோட்டை விக்கிறவனை என்ன பண்ணுவீங்க?"

"தண்ணிக்கு அளவு வச்சிருக்காங்க. துணிக்கு இன்னும் சட்டம் வரலைக்கா."

அந்தக் கோட்டை அவன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்ததே நான்தான். அன்றைக்கு அதே கடையில் சின்ன அளவில் இன்னும் இரண்டு வாங்கியிருந்தேன்.

ஆணியில் தொங்கிய அந்த இரண்டையும் எடுத்து அவன் மடியில் போட்டேன். "சட்டம் வேணும்னு மேலிடத்துக்கு எழுது. முதல் கையெழுத்து என்னுது."

பள்ளிக்கூடம் கிளம்பிய என் வாண்டுகள் இரண்டும் வாசலில் விழித்தன. "அம்மா, மழை பெய்யுது. கோட்டு?"

"ஓடுங்க. நனைஞ்சா துவட்டிக்கலாம்."