ரோடு தெரியணும்

நான்காவது டயரிலும் காற்றை இறக்கிவிட்டுக் கருணாகரன் நிமிர்ந்தபோது, காருக்குள் கமலவேணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு கை கதவைப் பிடித்திருந்தது. மற்றது வயிற்றின் வலப்பக்கத்தில் இருந்தது.

“ஏங்க நிறுத்திட்டீங்க?”

“காத்து கொஞ்சம் எறக்குனா குலுக்கல் கொறையும். இப்ப போயிடலாம், கமலா.”

“சரிங்க.”

பெரிதாக ஒன்றும் குறையாது என்று அவனுக்குத் தெரியும். அந்த வண்டியைக் கல்லாக இறுக்கிய மெக்கானிக்கே அவன்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பச்சை ஸ்போர்ட்ஸ் கார், செட்டியார் வீட்டுச் சாமிநாதனுடையது. ஜொகூர் ரேசுக்காகக் கருணாகரன் ஒரு மாதமாய்க் காஜா பெராங்கில் தன் வீட்டையொட்டிய கொட்டகையில் வைத்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி வண்டியைத் தாழ்த்தினான். பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தான். ஷாக் அப்சார்பருக்குக் கெட்டி எண்ணெய் ஊற்றினான். வளைவில் வண்டி சாயக்கூடாது, சக்கரத்துக்கு அடியில் இருப்பது ஓட்டுகிறவன் முதுகுக்குத் தெரிய வேண்டும். “ரோடு தெரியணும்” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வான். சொல்லும்போது அவனுக்கு வரும் தலைக்கனத்தைத் தூக்கத் தனியாக ஒரு லோரி பிடிக்க வேண்டும்.

அன்று பார்த்து மலாக்காவே பாடாங் திடலில் கூடியிருந்தது. லண்டன் போன தலைவர்கள் பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் வந்து இறங்கி, சுதந்திரத்துக்குத் தேதி சொல்லப்போகிறார்களாம். டாக்சிக்காரர், திரிஷாக்காரர், டெலிபோன் வைத்திருந்த கோப்பிக்கடைக்காரர் எல்லோரும் போய்விட்டார்கள். சமையற்கட்டில் கமலவேணி சுருண்டு விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கைக்கு அகப்பட்டது இந்த ஒரு வண்டிதான். பெரிய ரோட்டைக் கூட்டம் அடைத்துக்கொண்டதால் கம்போங் வீடுகளுக்கு நடுவே போகும் மண்பாதையில் திருப்பியிருந்தான்.

மறுபடி கிளப்பினான். வேகமாகப் போனால் அவள் துடித்தாள். மெதுவாகப் போனால் நேரம் போயிற்று. பதினைந்து வருஷமாக வண்டிகளோடு புழங்குகிறவன், ஒரு வண்டியை எப்படி ஓட்டுவதென்று தெரியாமல் அழுதான்.

ரம்புத்தான் மரத்து வேர் ஒன்றின்மேல் சக்கரம் ஏறி இறங்கியது. கமலவேணி கண்ணைத் திறந்தாள்.

“ரோடு நல்லாத் தெரியுதுங்க” என்றாள்.

கேலி செய்கிறாளா, தேற்றுகிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டருக்கு உதவியான டிரஸ்ஸர் நல்லையா நோட்டோடு வந்தார். ஏற்கெனவே தெரிந்த மனிதர்.

“எப்பருந்து வலி?”

“இன்னிக்குக் காலைலருந்துதான்ணே.”

“இல்லயே தம்பி. குடல்வால் வெடிச்சு உள்ளுக்குள்ள பரவிருச்சுன்றாரு டாக்டரு. நேத்தே வலிச்சிருக்கணும். நடக்கறப்ப, வண்டில குலுங்கறப்ப வயித்தப் புடிச்சாங்களா?”

கருணாகரனுக்கு நேற்றைய ஓட்டம் ஞாபகம் வந்தது.

வண்டியின் உயரத்தைச் சரிபார்க்கப் பக்கத்து சீட்டில் ஓர் ஆள் பாரம் வேண்டும். நேற்று மாலை கமலவேணியை உட்காரவைத்துத் தெங்கேரா வரைக்கும் ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் முகத்தைச் சுளித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு வாயெல்லாம் பல்.

“ரோடு தெரியுதா?”

“தெரியுது, தெரியுது. மொதல்ல வீட்டுக்குப் போங்க.”

அந்தச் சுளிப்பைத் தன் கைவேலைக்குக் கிடைத்த சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டான் பாவி. திரும்பி வரும்போது, வேண்டுமென்றே இன்னும் இரண்டு பள்ளத்தில் இறக்கி ஏற்றினான்.

“புடிச்சாங்களா தம்பி?”

“வண்டி அப்படிண்ணே” என்றான். “வண்டினாலதான்னு நெனச்சுட்டேன்.”

நல்லையா எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் திரும்பி வந்தபோது, பாடாங்கிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி சுதந்திர முழக்கமாக ‘மெர்டேக்கா’ என்று கத்திக்கொண்டு போனார்கள். நல்லையா அவன் தோளில் கை வைத்தார். சத்தம் அடங்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

மறுநாள் பாடையை ஏற்ற லோரி வந்தது. எல்லோரும் பூவும் கோடித்துணியுமாக அலைந்துகொண்டிருக்க, கருணாகரன் குனிந்து லோரியின் பின் ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்தான். பட்டை பட்டையாக அடுக்கிய சுமை லோரி ஸ்பிரிங். கொஞ்சமும் நெகிழாது.

“தியாகண்ணே, குலுங்காமப் போவுமா?”

லோரிக்காரர் தியாகு அவனைத் தூக்கி நிறுத்தினார். “நடக்கற வேகந்தான்லா, தம்பி. மெதுவாப் போறேன்.”

கமலவேணிக்குப் பிள்ளையில்லை. கொள்ளிச்சட்டியைக் கருணாகரனே தூக்கிக்கொண்டு லோரிக்கு முன்னால் நடந்தான். சுடுகாட்டு மண்பாதையில் திரும்பியதும் வழியில் ஒரு கல் கிடந்தது. வெறுங்காலால் அதை ஓரமாகத் தள்ளினான். இன்னும் நாலடி தள்ளி மற்றொரு கல். அதையும் தள்ளினான். ஒவ்வொரு தடவையும் லோரி நின்று நின்று வந்தது.

“கால் தடுக்குது பாரு. யாராச்சும் கூடப் புடிங்க” என்றார் அவன் அண்ணன் கணேசமூர்த்தி.

“தடுக்கலண்ணே.”

மழையில் அரித்த பள்ளம் ஒன்று பாதையின் குறுக்கே கிடந்தது. கருணாகரன் அதன் விளிம்பில் நின்றான். கால் விரலால் கொஞ்சம் மண்ணை உள்ளே தள்ளிப் பார்த்தான். சட்டியிலிருந்து புகை முகத்தில் அடித்தது. பின்னால் லோரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.