மங்களம் எண்ணிய நாய்கள்

புந்தோங்கில் ஒரு தாமான் குடியிருப்பின் மூன்றாவது லோரோங் சந்தில், சன்னாசியின் வீட்டில் நான்கு நாய்கள் இருந்தன. லைசென்ஸ் இரண்டுக்குத்தான். அதனால் மாநகர் மன்றத்திலிருந்து யார் வந்து பார்த்தாலும் இரண்டு நாய்கள்தாம் கண்ணுக்குத் தெரிந்தன. ஒளித்து வைத்ததெல்லாம் இல்லை. நான்கும் கேட்டைப் பார்த்தபடி வரிசையாகத்தான் நிற்கும். எந்த இரண்டு தெரிவது என்பதில் அவை முறை வைத்துக்கொண்டன. மார்ச்சில் வந்த அதிகாரி பவித்ரன், கறுப்பு ஒன்று, செம்பட்டை ஒன்று என்று எழுதிக்கொண்டு போனார். ஜூனில் வந்தபோது வெள்ளை ஒன்று, புள்ளி போட்டது ஒன்று. நிறம் மாறியிருந்ததைக் குறித்துக்கொண்டார். எண்ணிக்கை சரியாக இருந்ததால் மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை.

நாய்கள் வந்தது சன்னாசியின் மனைவி புஷ்பலதாவுக்காக. இரண்டு வருஷத்துக்கு முன், பட்டப்பகலில், கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்த அவர் கழுத்துச் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். தரையில் இழுபட்டதில் இடுப்பு எலும்பில் விரிசல் விழுந்தது. எலும்பு கூடிய பிறகும் பயத்தில் அவரால் வாசலுக்கு வர முடியவில்லை. சன்னாசி தாம் முன்பு காவல் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துக்குப் போனார். புது வீடுகள் கட்டுவதற்காக அங்கே தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாமல் திரிந்த நான்கு குட்டிகளை அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். அவை வளர்ந்து குரைக்கத் தொடங்கிய வாரம் புஷ்பலதா வாசலில் வந்து உட்கார்ந்தார்.

கணவன் மனைவி இருவரைத் தவிர நான்கையும் பார்க்க முடிந்தவர் பக்கத்து வீட்டு மங்களம் ஒருவர்தான். எழுபத்திரண்டு வயது, தனியாக இருப்பவர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருஷம் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை எண்ணி அனுப்பியவர். ஒருநாளும் ஒரு தட்டு கூடியதில்லை, குறைந்ததில்லை. குரைப்பு, மூத்திர நாற்றம், காயப்போட்ட துணியில் ரோமம் என்று மன்றத்துக்கு மாதம் ஒரு புகார் எழுதினார். எல்லாவற்றிலும் நாய்கள் நான்கு என்று அடிக்கோடிட்டார்.

“ரெண்டுதான் இருக்கு லா அக்கா,” என்றார் பவித்ரன்.

“தம்பி, எனக்கு எண்ணத் தெரியாதா?”

ஆறாவது புகாருக்குப் பிறகு விஷயம் கோலாலம்பூரிலிருந்த மங்களத்தின் மகன் தீபனின் காதுக்குப் போயிற்று. அவன் வந்து சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவனுக்கும் இரண்டுதான் தெரிந்தன. சன்னாசியைத் தனியே கூப்பிட்டான். “அண்ணே, அம்மாவுக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. தனியா விட முடியாது. தாப்பாவுல ஒரு முதியோர் இல்லம் பாத்திருக்கேன், அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டுப் போயிருவேன்,” என்றான். சன்னாசி தலையை மட்டும் ஆட்டினார். உண்மையைச் சொன்னால் இரண்டு நாய்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மங்களம் புகார் எழுதுவதை நிறுத்திவிட்டார். மகன் இல்லத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சண்டை போடவில்லை. தம் கண்ணின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கச் சுவருக்கு அப்பாலிருந்து அவர் எண்ணும் குரல் கேட்டது. துணிக்கவ்விகளை எண்ணினார், முருங்கைக்காய்களை எண்ணினார். முடித்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினேழில் நிறுத்திவிட்டு அழுதார்.

புஷ்பலதா கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்தார். “போய்ச் சொல்லிருங்க.”

“ரெண்டு போயிரும் லதா. உனக்கு மறுபடியும் பயம் வந்துட்டா?”

“வந்தா வரட்டும். நல்லா இருக்கிற மனுஷியப் பைத்தியம்னு அனுப்பிட்டு, நான் இங்க எப்படி நிம்மதியா உக்காருவேன்?”

சனிக்கிழமை காலை சன்னாசி பவித்ரனுக்குப் போன் செய்து வரச் சொன்னார். தீபன் பையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எல்லோர் முன்னாலும், “நாலு நாய் இருக்கு தம்பி. அம்மா சொன்னதுதான் சரி. நான்தான் வாயத் தெறக்கல,” என்றார்.

தீபன் எட்டிப் பார்த்தான். “அவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீங்களும் சேந்து சொல்லாதீங்கண்ணே.”

பவித்ரன் இரண்டு தடவை எண்ணினார். சன்னாசி சொல்வதை அவர் நம்பினார். ஆனால் கண்ணில் படுவதைத்தான் எழுத முடியும் என்றார். அப்போது புஷ்பலதா, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்தார்.

“சார், அக்கா வீட்டுக்கு எத்தன நாய் வச்சிக்கலாம்?”

“அதுக்கும் ரெண்டு. ஆனா அவங்க கேக்கலையே.”

எல்லோரும் மங்களத்தைப் பார்த்தார்கள். “எனக்கு நாயே பிடிக்காது,” என்றார் அவர். அந்த நான்கையும் ஒரு தடவை எண்ணினார். பிறகு, “ஃபாரத்தக் கொடு தம்பி,” என்றார்.

கார் பானட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். காகிதத்திலிருந்து பேனாவை எடுத்தபோது, வெள்ளையும் புள்ளி போட்டதும் அவருடைய துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று உடம்பை உதறிக்கொண்டிருந்தன. கறுப்பும் செம்பட்டையும் சன்னாசியின் கேட்டுக்குள் இருந்தன. தீபன் விரலை நீட்டி எண்ணினான்.

“நாலும்மா.”

“மறுபடி எண்ணு,” என்றார் மங்களம். மூன்று தடவை எண்ண வைத்தார். பிறகு காரிலிருந்த பையைத் தாமே இறக்கி உள்ளே கொண்டுபோனார்.

தீபன் தனியாகத் திரும்பினான். சாயங்காலங்களில் புஷ்பலதாவும் மங்களமும் ஆளுக்கு இரண்டாக நாய்களைப் பிடித்துக்கொண்டு கடைவரை நடந்துவிட்டு வருகிறார்கள். நாற்றம் பற்றிய புகார் இன்னும் நிற்கவில்லை. ஆனால் மங்களம் அதை இப்போது வாயால் சொல்கிறார். அந்த லோரோங்கில் வேறு சில வீடுகளிலும் லைசென்ஸுக்கு மேல் நாய்கள் இருப்பது பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்தது. பவித்ரன் வந்தால் முதலில் அவர் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்து, எண்ணிக்கையைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்குத் தகுந்த ஃபாரங்களோடு மற்ற வீடுகளுக்குப் போகிறார். பாதி நாய்கள் இன்றுவரை பவித்ரன் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாய் கண்ணில் படாத அந்த வீடுகளில் மட்டும் கொஞ்சம் சுற்றி நடக்கிறார், வாலை மிதித்துவிடக் கூடாதென்று.